கல் போதாத குழி

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் முதலில் தேடுவது துணியை அல்ல, கல்லை. கடற்கரையில் கிடக்கும் முருகைக்கற்களைத் தோளில் சுமந்து வந்து, குழி இருந்த இடமே தெரியாதபடி அடுக்க வேண்டும். இன்னும் ஆழமாகத் தோண்டலாமே என்று வெளியூர்க்காரர்கள் புத்தி சொல்வார்கள். அவர்களே வந்து தோண்டிப் பார்க்கட்டும், கொஞ்சம் தோண்டியதுமே பாறைதான். அதனால் மேலே அடுக்குகிறோம். அடுக்காவிட்டால் ஓரா தோண்டிவிடும்.

ஓராவை நீங்கள் ராட்சத உடும்பு என்பீர்கள். கொமோடோத் தீவில் பிறந்த எங்களுக்கு அது செபாய், அதாவது கூடப்பிறந்தது. எங்கள் முதல் தாய் ஒரே பிரசவத்தில் ஓர் ஆண் குழந்தையையும் ஓர் ஓராக் குஞ்சையும் பெற்றாளாம். பிள்ளை வீட்டில் வளர்ந்தான், குஞ்சு காட்டுக்குப் போனது. மகன் பெரியவனாகி, காட்டில் அதன் மேல் ஈட்டியை ஓங்கியபோது தாய் குறுக்கே வந்து நின்று தடுத்தாள். இந்தக் கதையைக் கேட்காமல் இங்கே எந்தப் பிள்ளையும் தூங்கியதில்லை. நானும் கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால் கூடப்பிறந்ததே ஆனாலும் என் ஆட்டை விழுங்க வந்தால் மண்டையில் ஒன்று போடுவேன். என் சுபாவம் அப்படி.

என் பெயர் ரமலா. என் புருஷன் பக்ரி மரத்தில் ஓரா செதுக்கிச் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கிறார். மர ஓரா நமக்குச் சோறு போடுகிறது, உயிருள்ள ஓரா நம்மையே சோறாகப் பார்க்கிறது என்று நான் சொன்னால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. எதிர் வீட்டில் என் தம்பி சுபைர் இருக்கிறான். விளக்குப் படகில் நெத்திலி பிடிக்கப் போகிறவன், நிலா வெளிச்சம் உள்ள நாட்களில்தான் வீட்டில் தங்குவான். அவன் மனைவி ஹம்சியா. அவர்கள் மகள் ஜைனப். அவள் என் வீட்டில்தான் பாதி வளர்ந்தாள். அவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

ஜைனப் இரட்டையில் ஒன்று. முதலில் அவள் பிறந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு பையன் வந்தான். ஒரே ஒரு தடவை அழுதான், அவ்வளவுதான். ஒரு தடவையாவது அழுத பிள்ளையைப் பெயர் வைத்துத்தான் புதைக்க வேண்டும் என்று அவனுக்குத் தாஹிர் என்று பெயர் வைத்தார்கள். மேற்குக் காற்று பேயாட்டம் ஆடிய காலம் அது. ஆண்கள் எல்லாரும் படகோடு கடலுக்கு அப்பால் சாப்பே துறையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரில் இருந்த கிழவர்கள் குழி தோண்டினார்கள். கொட்டும் மழையில் நாங்கள் பெண்கள் எங்களால் முடிந்த கல்லைச் சுமந்தோம். முடிந்தது கொஞ்சம்தான்.

மழை விட்ட காலையில் அது வந்தது. ஹம்சியா படுத்திருந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் ஊர்க் கல்லறை தெரியும். எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவள், கல் உருளும் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பியிருக்கிறாள். அவள் போட்ட கூச்சலில் நாங்கள் கம்போடு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வால் நுனி இல்லாத ஒரு பெரிய ஓரா காட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதன் முன்னங்கால் நகத்தில், பிள்ளையைச் சுற்றிப் புதைத்த கபன் துணியின் ஒரு கிழிசல் மாட்டிக்கொண்டு கூடவே இழுபட்டுப் போனது. அந்த வெள்ளைக் கிழிசல் இன்றைக்கும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஹம்சியா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஜைனபை மார்பில் போட்டுக்கொண்டு ஜன்னலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சுபைர் திரும்பி வந்து, வெறும் குழியை மண் தள்ளி மூடினான். கல் அடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. உள்ளே ஒன்றும் இல்லாத குழிக்குக் கல் எதற்கு?

ஜைனப் தவழ ஆரம்பித்த காலத்தில் வால் நுனி இல்லாதது ஊருக்குள் வர ஆரம்பித்தது. மீன் கழிவின் நாற்றத்துக்கு ஓரா வருவது புதிதல்ல. எங்கள் வீடுகள் மரக்கால் ஊன்றி உயரத்தில் நிற்பதே அதற்காகத்தான். ஆனால் மற்றவை வரும், மோந்து பார்க்கும், போய்விடும். இது ஹம்சியா வீட்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. என்னடா இது என்று பார்த்தால், மூங்கில் பிளாச்சுத் தரையின் இடுக்கு வழியாக அவள் மீன் தலை போடுகிறாள்.

"ஏய், என்னடி பண்ற? அது எது தெரியுமில்ல?" என்று கத்தினேன்.

"தெரியும் அண்ணி. அதனாலதான் போடறேன்."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? உன் புள்ளைய..."

"என் புள்ளைய எங்க கொண்டு போச்சு? உள்ளதானே? அப்ப என் புள்ள எங்க இருக்கான்?" என்று கேட்டாள். குரலில் கோபமே இல்லை. என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். "ரெட்டைல ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு காட்டுக்கு. நமக்குச் சொன்ன கதைதானே அண்ணி?"

"அது உன் புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியே உன்னைவிடப் பெருசா இருந்துச்சுடி!"

"உடம்பு பழசு. உள்ள இருக்கறவன் என் புள்ள."

தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பக்ரியிடம் சொன்னால், "பெத்தவ மனசு. நீ ஏன் மூக்கை நுழைக்கிற?" என்றார். என் தம்பியோ அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டான். தாஹிர் இறந்தபோது பக்கத்தில் இல்லாமல் போனோமே என்பது அவன் வாயைக் கட்டிப்போட்டிருந்தது.

ஊரும் லேசுப்பட்டதல்ல. முதலில் ஹம்சியாவைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். பிறகு ஒருத்தி, பிரசவம் நல்லபடி ஆகட்டும் என்று வாழை இலையில் மீன் கொண்டுவந்து அந்த வீட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள். அவளுக்குச் சுகப்பிரசவம் ஆனது. அப்புறம் கேட்க வேண்டுமா? "வயித்துல குழந்தைய வெச்சுக்கிட்டு ஓராவுக்கு விருந்து வைக்கிறீங்களே, வெட்கமா இல்ல?" என்று கிணற்றடியில் நான் சண்டை போட்டேன். வாய்க்காரி என்று எனக்குப் பெயர் வந்ததுதான் மிச்சம்.

ஜைனப் பேசக் கற்றதும் அதையும் சேர்த்தே கற்றுக்கொண்டாள். என் மடியில் உட்கார்ந்து அவித்த கிழங்கு தின்றுகொண்டிருப்பாள், பாதியைப் பிய்த்து வைத்துக்கொள்வாள். யாருக்கு என்றால், "தம்பிக்கு அத்தை" என்பாள். மத்தியானத்தில் தரையில் குப்புறப் படுத்துக் காதைப் பிளாச்சில் வைத்துக்கொள்வாள். ஒருநாள் என்னையும் இழுத்து அப்படிப் படுக்க வைத்தாள்.

"கேளு அத்தை. மூச்சு விடறான்."

கேட்டேன். கீழே பெரிய துருத்தி ஊதுவது போல நீளமான மூச்சு. அழுகிய மீனின் வாடை இடுக்கு வழியாக மேலே வந்தது. அந்த நேரம் பார்த்து ஹம்சியா அடுப்படியிலிருந்து, "தாஹிரு..." என்று கூப்பிட்டாள். மூச்சு நின்றது. இடுக்கு வழியாகப் பார்த்தேன். அது தலையைத் தூக்கி, குரல் வந்த திசையைப் பார்த்தபடி மஞ்சள் நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருந்தது. தீனி போடுகிறவளின் குரல் எந்தப் பிராணிக்கும் தெரியும் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். அப்படியும் அன்று முழுக்க அந்தப் பெயரை என்னால் வாயால் சொல்ல முடியவில்லை.

எங்கள் தீவு முழுக்கக் காப்புக்காடு. மான் வேட்டை கூடாது, நாய் வளர்க்கக் கூடாது, ஓராவுக்குத் தீனி போடக் கூடாது. காவலர் ஃபாபியானுஸ் பக்கத்துத் தீவான ஃப்ளோரெஸ்காரர், நல்ல மனிதர். ஜைனபுக்கு ஆறு வயதானபோது அவரைப் போய்ப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். ஊர்க்காரி ஊர்க்காரியைக் காட்டிக்கொடுக்கலாமா என்று யோசிக்காமல் இல்லை. ஜைனபின் கால் அந்தப் பிளாச்சு இடுக்கில் தொங்குவதை நினைத்ததும் யோசனை போய்விட்டது.

அவர் ஆட்களோடு வந்து ஆட்டு இறைச்சி வைத்து அதைக் கூண்டில் பிடித்தார். வாயைக் கட்டிப் படகில் ஏற்றும்போது ஹம்சியா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். "எம் புள்ளைய எங்க கொண்டு போறீங்க?" என்ற ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டாள். ஃபாபியானுஸ் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"வடக்குப் பள்ளத்தாக்குல விட்டுருவோம் ரமலாக்கா. அங்க மான் நிறைய இருக்கு, நல்லா இருக்கும்" என்றார் என்னிடம்.

"திரும்பி வராதுல்ல?"

"நடுவுல மலை இருக்கே" என்றார். வராது என்று அவர் சொல்லவில்லை.

அன்றோடு ஹம்சியா என்னோடு பேச்சை நிறுத்தினாள். ஜைனபை என் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஏணிப்படியருகே எல்லா வீட்டிலும் ஓராவைத் தள்ள ஒரு கவைக்கம்பு சாத்தியிருக்கும். அவள் தன் வீட்டுக் கம்பை ஒடித்து, நான் பார்க்கும்படி அடுப்பில் வைத்தாள். குழந்தை ஜன்னலில் நின்று எனக்குக் கை காட்டும், பிறகு உள்ளேயிருந்து ஒரு கை வந்து அவளை இழுத்துக்கொள்ளும். அந்த மாதங்களில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பெற்றவள் ஒருத்தி, வளர்த்தவள் ஒருத்தி என்றெல்லாம் பேச எனக்கு உரிமை இல்லைதான். ஆனால் அந்தக் குழந்தை இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

காய்ந்த காலம் வந்து புல் எல்லாம் மஞ்சளானபோது அது மலையைத் தாண்டி நடந்தே வந்துவிட்டது. வாலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது, அவ்வளவு இளைத்திருந்தது. யார் வீட்டுக்கும் போகவில்லை. நேராக ஹம்சியா வீட்டுக்கு அடியில், முன்பு தான் படுத்துப் பள்ளமாக்கிய இடத்தில் போய்ப் படுத்தது.

ஹம்சியா படியில் நின்று, ரொம்ப நாள் கழித்து என்னோடு பேசினாள்.

"பாத்தியா அண்ணி? வீடு தெரிஞ்சு வந்திருக்கான். இப்ப என்ன சொல்ற?"

ஓராவுக்குத் தன் இடம் தெரியும், எங்கே விட்டாலும் வரும் என்று ஃபாபியானுஸ் பிறகு சொன்னார். அந்த நேரத்தில் எனக்குள்ளேயே ஏதோ ஆடிப்போனது நிஜம். ஒருவேளை அவள் சொல்வதுதான் சரியோ? நான்தான் ஒரு தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்த பாவியோ? இப்படி நினைத்த என்னையே இப்போது அறைய வேண்டும் போல இருக்கிறது.

அவள் முன்னைவிட அதிகமாகப் போட்டாள். முதலில் தலை, பிறகு முழு மீன், பிறகு ஒரு கோழி. நிலா தேய்ந்து ஆண்கள் கடலுக்குப் போனார்கள். அந்தக் காலையில் ஹம்சியா கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். நான் என் வீட்டு ஜன்னலில் கணவாயைக் கீறி உலரப் போட்டுக்கொண்டிருந்தேன். ஜைனப் எதிர்ப் படியின் உச்சியில் வந்து நின்றாள். வாயைச் சுற்றி ரத்தம்.

"அத்தை, பல்லு விழுந்துருச்சு!" என்று கூவினாள். ரொம்ப சந்தோஷம் அவளுக்கு.

"எந்தப் பல்லுடி?"

"மேல் பல்லு!"

கீழ்ப் பல் விழுந்தால் கூரை மேல் எறிய வேண்டும், மேல் பல் விழுந்தால் வீட்டுக்கு அடியில் போட வேண்டும், அப்போதுதான் புதுப் பல் நேராக முளைக்கும். எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். இடுக்கு வழியாகப் போட்டால் போதும். ஆனால் அவள் பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு படி இறங்க ஆரம்பித்தாள்.

"மேல இருந்தே போடுடி! இறங்காத! ஜைனப்!"

"தம்பிகிட்ட குடுத்துட்டு வரேன். அவனுக்குப் பல்லே தெரியல அத்தை, பாவம்."

ஓராவின் பல்லை ஈறு மூடியிருக்கும். வாயைத் திறந்தாலும் தெரியாது. கடிக்கும்போதுதான் தெரியும்.

கவைக்கம்பை எடுத்துக்கொண்டு நான் என் படியில் இறங்கவில்லை, விழுந்தேன். எழுந்து பார்க்கும்போது அவள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அது மெல்ல வெளியே வந்தது. அவசரமே இல்லை. நாக்கு அவள் கையைத் தடவியது, கன்னத்து ரத்தத்தைத் தடவியது. அவள் கூச்சத்தில் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் அது தலையைச் சாய்த்து அவள் கெண்டைக்காலைக் கவ்வி இழுத்தது.

தண்ணீர்க் குடம் உருளும் சத்தம் கேட்டது. ஹம்சியா வந்துவிட்டாள். நான் கம்பை ஓங்கினேன். அவள் குறுக்கே பாய்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கதையில் வரும் தாய் போலவே.

"அடிக்காத அண்ணி! நான் சொன்னா விட்டுருவான்!" என்றவள் குனிந்து கெஞ்சினாள். "தாஹிரு, விடுடா. அக்காடா அது. உன் அக்காடா. அம்மா சொல்றேன்ல, விடுடா கண்ணு."

அது கண்ணை உருட்டி அவளைப் பார்த்தது. அவள் குரல் அதற்குத் தெரியும், சந்தேகமே இல்லை. பார்த்துக்கொண்டே பிடியை மாற்றி இன்னும் மேலே கவ்வியது. ஜைனப் அப்போதுதான் கத்தினாள்.

ஹம்சியாவின் முகத்தில் அந்த நேரத்தில் நான் கண்டதை எப்படிச் சொல்வது? ஒரு வீடு உட்கார்ந்துபோவதைப் பார்த்த மாதிரி இருந்தது. என் கையிலிருந்து கம்பைப் பிடுங்கினாள். அதன் மூக்கில் அடித்தாள். கண்ணில் குத்தினாள். பெயர் சொல்லவில்லை, ஒரு வார்த்தையும் பேசவில்லை, கம்பு முறியும்வரை அடித்தாள். அது வாயைத் திறந்தது. நான் குழந்தையை இழுத்துக்கொண்டேன். அது நாக்கால் தன் வாயை நக்கிக்கொண்டு, வந்த அதே நடையில் காட்டுப் பக்கம் போனது.

ரத்தம் நிற்கவே இல்லை. ஓரா கடித்தால் லேசில் நிற்காது. ஃபாபியானுஸின் விசைப்படகில் லபுவான் பாஜோ ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை என் கைலியெல்லாம் நனைந்து, ஹம்சியாவின் முக்காட்டுத் துணியும் நனைந்தது. படகு முழுக்க அவள் குழந்தையின் காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள். டாக்டர்கள் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. ஜைனப் பிழைத்தாள். கெண்டைச் சதை பாதி போய்விட்டது, இனி நொண்டித்தான் நடப்பாள் என்றார்கள். நடக்கட்டும். நடப்பதற்கு அவள் இருக்கிறாளே, எனக்கு அது போதும்.

கட்டிலில் கண் விழித்த குழந்தை முதலில் அம்மாவைத்தான் சமாதானப்படுத்தினாள்.

"அவனுக்கு நான்னு தெரியலம்மா. ரத்தமா இருந்துச்சுல்ல? அதான் தெரியல. அவனைத் திட்டாத."

ஹம்சியா அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"தெரிஞ்சுதான்டி கடிச்சுது" என்றாள். "அது தம்பி இல்ல. தம்பி செத்துட்டான்."

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அதுவரை யாரும் கேட்டதில்லை. குழந்தை நம்பாமல் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். பிறகு மூன்று பேரும் அழுதோம். யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள்.

ஊர் திரும்பிய அன்றே ஹம்சியா கடற்கரைக்குப் போய்க் கல் பொறுக்க ஆரம்பித்தாள். யாரையும் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன். பிறகு சுபைர் வந்தான், பக்ரி வந்தார், அவள் வீட்டுக்கு அடியில் மீன் வைத்த பெண்களும் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். அந்த வெறும் குழியின் மேல் அடுக்கினோம். இடுப்பு உயரத்துக்கு வந்தும் அவள் நிறுத்தவில்லை. "போதும்டி" என்று நான்தான் கையைப் பிடித்தேன். என் இடுப்பில் இருந்த ஜைனப் ஒரு சின்னக் கல்லை உச்சியில் வைத்தாள்.

மறுநாள் காலையில் அது வந்தது. ஒரு கண் மூடிக் கிடந்தது. கற்குவியலைச் சுற்றி ஒருமுறை நடந்து நாக்கை நீட்டிப் பார்த்தது. அங்கே அதற்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு அடியில் போய்த் தன் இடத்தில் நின்று, தலையைத் தூக்கி, இருக்கிற ஒரு கண்ணால் மேலே பார்த்தது. குரலுக்காகக் காத்திருந்தது.

ஹம்சியா படி உச்சியில் இருந்தாள். எதுவும் வெளியே வந்துவிடாதபடி வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டிருந்தாள். பிறகு இறங்கினாள். சுபைர் புதிதாக வெட்டி வைத்திருந்த கவைக்கம்பை எடுத்து அதன் கழுத்தில் வைத்துத் தள்ளினாள். அது சீறியது, ஓரடி பின்வாங்கியது, மறுபடியும் அவளைப் பார்த்தது. அவள் தள்ளினாள். கிணற்றடி தாண்டி, கற்குவியல் தாண்டி, காட்டு ஓரம்வரை தள்ளிக்கொண்டே போனாள்.

ஓராவை விரட்டும்போது நாங்கள் கத்துவோம், திட்டுவோம், சிரிக்கக்கூடச் செய்வோம். ஹம்சியா அழுதுகொண்டே விரட்டினாள். மய்யித்தை வீட்டை விட்டுத் தூக்கும்போது எழும் அழுகை அது. தாஹிரைப் புதைத்தபோது அவள் அழாமல் வைத்திருந்தது.